நடைபாதைக்கு ஐந்து நட்சத்திரம்

நியூசிலாந்துக்கு நிலத்தில் எல்லை கிடையாது. ஆக்லாந்தில் எந்தப் பக்கம் கார் ஓட்டினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். அங்கே பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, தென்கிழக்கு ஆசியாவில் இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பாலத்தில் லாரியும் பஸ்ஸும் மனிதர்களும் எப்படிக் கடக்க வேண்டும் என்று திட்டம் வரைவதுதான் போன வருடம் எனக்கு வாய்த்த வேலை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டே.

எந்தப் பாலம் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய பிரிவு ஒன்று இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வீட்டு வாடகை குறைவு, அந்தப் பக்கம் சம்பளம் அதிகம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதனால் தினமும் விடிவதற்கு முன்பே பாதி ஊர் கிளம்பி அந்தப் பக்கம் போகிறது, சாயந்தரம் திரும்பி வருகிறது. நான் பிறந்தது இந்தப் பக்கத்து ஊரில். என் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தினமும் கடக்கிறவர்களில் அவளும் ஒருத்தி.

நான் வேலை பார்க்கும் போக்குவரத்து ஆலோசனை நிறுவனத்தில் இந்தத் திட்டக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஆக்லாந்துக்காரர், நல்ல மனிதர், வெயிலோ மழையோ அரைக்கால் சட்டைதான்.

"நீ அந்தப் பாலத்தில் வரிசையில் நின்றிருக்கிறாயா?"

"நின்றிருக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?"

"என் இளமை முழுக்க."

அவர் சிரித்துவிட்டு என்னைக் குழுவில் போட்டார். அதுவரை நான் பார்த்த வேலை பெரும்பாலும் பஸ் நிறுத்தங்கள். பிளாக்ஹவுஸ் பேயில், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, டெய்ரி என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடைக்கு முன்னால் இருக்கும் ஒரு நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று ஒருமுறை மக்களிடம் கருத்துக் கேட்டோம். இந்த ஊர் மக்கள் கருத்துச் சொல்வதில் வஞ்சனையே வைக்க மாட்டார்கள். தள்ளினால் ஒரு கார் நிறுத்தும் இடம் போகும் என்பதற்காக, நாகரிகம் எப்படிச் சரிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பெரியவர் கட்டுரையே எழுதியிருந்தார். எனக்கு ரோமாபுரியின் வீழ்ச்சி பற்றி ஓரளவு படிப்பு உண்டு. அவருடைய நடை அந்தப் புத்தகங்களைவிட நன்றாக இருந்தது. நிறுத்தம் அங்கேயேதான் இருக்கிறது.

மக்களைக் கேட்டால் மக்கள் திட்டுவார்கள், திட்டை வைத்துத் திட்டம் போடலாம். இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். அதை நம்பித்தான் அக்காவின் பாதையையும் வரைந்தேன்.

அக்காவின் பாதையைச் சொல்ல வேண்டும். பஸ் பாலத்தை நெருங்கியதும் நின்றுவிடும். முன்னால் லாரி, பக்கத்தில் கார், இடுக்கெல்லாம் மோட்டார்சைக்கிள். பஸ்ஸிலேயே இருந்தால் ஷிஃப்டுக்குப் போக முடியாது. அதனால் எல்லாரும் இறங்கி, பாலத்தின் ஓரமாக நடந்து, பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுக் கட்டடத்துக்குப் போய், படியேறி, வரிசையில் நிற்பார்கள். நடக்கிற இடத்துக்கு மேலே கூரை கிடையாது. அங்கே மழை சொல்லிவிட்டு வராது. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் பழுது. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் மின்னணுச் சாமான்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. தாமதமாக வந்ததற்காக இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை தாமதமானால் வேலை பெர்மிட் ரத்து. அந்த வயதில் இன்னொரு முதலாளி பெர்மிட் எடுத்துத் தர மாட்டான். அவளுடைய கணவருக்கு வாதம் வந்து படுத்ததிலிருந்து வீடு ஓடுவது அவள் நடையில்தான்.

நேர வித்தியாசம் எங்களுக்கு ஒரு வசதி செய்துகொடுத்திருந்தது. அவளுடைய விடியற்காலை எனக்கு மார்னிங் டீ. அவள் பாலத்தில் நடக்கும்போது பேசுவாள், நான் அலுவலகச் சமையலறையில் பிஸ்கட்டும் கையுமாக நிற்பேன்.

"இன்னிக்கும் ஜாம்டா. லாரிக்காரன் கொம்பு ஊதுறான் பாரு, கேக்குதா?"

"கேக்குதுக்கா. முட்டி எப்படி?"

"அது இருக்கு. ஒனக்கு அங்க என்னா, ரயில்ல ஒக்காந்து போற."

வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான நியூ லின்னிலிருந்து ரயிலில் உட்கார்ந்துதான் போகிறேன். மறுக்க வழியில்லை.

திட்டத்தில் மூன்று அம்சங்கள் இருந்தன: லாரிகளுக்குத் தனித்தடம், கூடுதல் பஸ் நிறுத்துமிடம், நடப்பவர்களுக்குக் கூரை போட்ட பாதை. மூன்றாவதைச் சேர்த்தது நான். படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம், நடுவே கொஞ்சம் உட்கார இடம், முடிகிற இடத்தில் நடந்து வருகிறவர்களுக்கென்றே கவுண்டர்கள். என் பணிக்காலத்தில் எத்தனையோ கோடுகள் வரைந்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட முட்டியை நினைத்துக்கொண்டு வரைந்த கோடு அது ஒன்றுதான். கட்டி முடிக்க வருடங்கள் ஆகும் என்பது தெரியும். ஆனால் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டால் உடனே ஒரு தற்காலிகக் கூரையும் நடப்பவர்களுக்குத் தனிக் கவுண்டரும் போட்டுவிடுவார்கள். அதை நானேதான் முதல் கட்டமாக எழுதிச் சேர்த்திருந்தேன். அக்காவுக்கு அது போதும்.

பாலத்தின் அகலம்தான் தொல்லை. மூன்றும் அதில் நுழையாது, ஏதாவது ஒன்று போக வேண்டும். எது போகலாம் என்று பயணிகளையே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. பஸ்ஸிலும் லாரி நிறுத்தத்திலும் ஒட்டிய க்யூஆர் சதுரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தால் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட வேண்டும்.

அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒங்க பஸ்ல ஒரு சர்வே ஒட்டுவாங்கக்கா. எங்க கம்பெனிதான்."

"ஒன் வேலையா அது?"

"ஆமா. என் ப்ராஜெக்ட்."

"இதுல ஒன்னைய கன்பம் பண்ணுவாங்களாடா?"

என்னுடைய வேலை ஒப்பந்த வேலை. ப்ராஜெக்ட் முடிந்தால் நானும் முடிந்தேன். இதை அவளிடம் எப்போதோ புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "பாப்போம்கா" என்று வைத்துவிட்டேன்.

சர்வே எண்களைப் பார்க்கிறவர் என் பக்கத்து மேசைக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். ஊருக்குத் தெற்கே தள்ளி தகனினியில் புது வீடு வாங்கி, தினமும் மோட்டார்வேயில் ஊர்ந்து வந்து, போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது எப்படி என்று கணக்குப் போடுகிறவர். ஒரு நாள் காலை நாற்காலியை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, உங்கட சனம் சொர்க்கத்தில நடக்குதாம்."

"என்ன சொல்றீங்க?"

"லொறிக்காரர் எங்கட பரம்பரையையே இழுத்துப் பேசியிருக்கினம். கார்க்காரரும் அப்பிடித்தான். நடக்கிற ஆக்கள் மட்டும் எல்லாத்துக்கும் அஞ்சு நட்சத்திரம். முழுக்க அஞ்சு."

"எல்லாத்துக்குமா?"

"ஓம். 'மழையிலிருந்து பாதுகாப்பு எப்படி' எண்டு ஒரு கேள்வி கிடக்கு. அந்தப் பாதைக்குக் கூரை இருக்கோ?"

"இல்ல."

"இல்லாத கூரைக்கு அஞ்சு போட்டிருக்கினம். கூரை இல்லாட்டி நட்சத்திரம் வடிவாத் தெரியும்தானே."

அவர் சிரித்தார். நான் அவருடைய திரையைப் பார்த்தேன். கீழே கருத்து எழுதும் பெட்டியில் இருந்தவற்றை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். "மிக நல்ல ஆபீசர்." "பொறுமையானவர், கடவுள் ஆசீர்வதிக்கட்டும்." "எதுவும் மாற்ற வேண்டாம், எல்லாம் திருப்தி." கடைசியாக, "தயவுசெய்து இவரை நிரந்தரம் செய்யவும்."

"ஆரண்ணை இந்த ஆபீசர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள்.

"ஆமாடா, நாந்தான். பஸ்ல அம்புட்டுப் பேரு போனையும் வாங்கி நானே போட்டுவிட்டேன். மலாய்க்கார மக்சிக் அம்மா, சீன ஆன்ட்டி, நேப்பாளத்துப் பையனுங்க, ஒருத்தர விடல. முன்னாடி பஸ், பின்னாடி பஸ், எல்லாத்துலயும் சொல்லிவிட்டேன்."

"அக்கா, அது என்னைப் பத்தி இல்ல. பாதையைப் பத்தி."

"பாதைய யாரு பாக்குறா? ஒன் மேலதானே வந்து விழும். ஒரு நட்சத்திரம் கொறஞ்சாலும் அந்த டாக்சிக்காரப் பையன்களை வேலைய விட்டுத் தூக்கிடுறானுங்க, தெரியுமா?"

"பாதை நல்லா இல்லன்னு நீயேதானே தெனம் சொல்ற?"

"ஒன்கிட்ட சொல்லுவேன். அவனுங்ககிட்ட சொல்லுவாங்களா? கவுண்டர்ல ஆபீசர் எப்படின்னு கேட்டு ஒரு பொத்தான் வெச்சிருக்கான்ல, சிரிக்கிற பொம்ம, அழுவுற பொம்ம. நம்ப பாஸ்போட்டு அவன் கையில இருக்கு. யாராச்சும் அழுவுறத அமுக்குவாங்களாடா? நாளைக்கும் நாம்ப அவன் முன்னாடிதானே போயி நிக்கணும்."

நானும் அந்தக் கவுண்டரில் நின்றிருக்கிறேன். ஒருமுறைகூட அழுகிற பொம்மையை அமுக்கியதில்லை. பாஸ்போர்ட் அடுத்தவர் கையில் இருக்கும்போது முகம் தானாகச் சிரித்துக்கொள்ளும். இத்தனை வருடம் இந்த ஊர்ப் பெரியவர்களின் திட்டுகளைப் படித்துப் படித்து, எல்லா ஊரிலும் மக்கள் இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஆட்களிடம் கருத்துக் கேட்டால் அவர்கள் நலம் விசாரித்து அனுப்புவார்கள் என்பது அந்தப் பாலத்தில் வளர்ந்த எனக்கே மறந்து போயிருந்தது.

மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். என் அக்கா, அவள் பஸ், அந்தப் பொம்மை, எல்லாவற்றையும். அவர் வெகுநேரம் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"மறுபடியும் சர்வே எடுக்க நேரமில்லை" என்றார். "நாளைக் காலையில் பாலத்து நிர்வாகத்தோடு வீடியோ மீட்டிங். பாதை வேண்டும் என்பதற்கு உன்னிடம் வேறு என்ன சான்று இருக்கிறது?"

என்னிடம் இருந்த சான்று என் அக்காவின் முட்டிகள்தான்.

மறுநாள் மீட்டிங்கில், பாலத்தின் பொறுப்பு அதிகாரி திரையில் தெரிந்தார். கோட், டை, பின்னால் கொடி. விடிவதற்கு முன்பே எழுந்து இப்படி உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம் எனக்கு மரியாதைதான் வந்தது. தன்மையாகப் பேசினார். லாரித் தடம் அவசியம், பஸ் இடம் அவசியம். நடப்பவர்கள் திருப்தியாக இருப்பதாக முடிவுகள் சொல்கின்றன, அதில் ஏன் கை வைக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்துக்காரர் எனக்காக, "கூரையே இல்லாத இடத்தில் கூரைக்கு முழு மதிப்பெண் வந்திருக்கிறது, இந்த எண்களை நம்ப முடியாது" என்றார். அதிகாரி தலையாட்டினார். நம்ப முடியாது என்றால் அதை ஆதாரமாகவும் கொள்ள முடியாதே, பாதை வேண்டும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா இப்போது பாலத்தின் மேல் இருப்பாள். "ஒரு பயணியையே நேரில் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் அவளை வீடியோவில் கூப்பிட்டு, திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

எடுத்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் குடையும் பாதி முகமும் தெரிந்தன. பின்னால் லாரிகளின் இரைச்சல். ஒரு மோட்டார்சைக்கிள் தண்ணீரை வாரி அவள் மேல் அடித்துவிட்டுப் போனது. நான் பரவசமாகிவிட்டேன். இதைவிட நல்ல சான்றை எந்தப் பொறியாளனும் தயாரித்திருக்க முடியாது.

"அக்கா, பாதை எப்படி இருக்குன்னு இவங்ககிட்ட சொல்லு. உள்ளத அப்படியே சொல்லு."

"யார்டா?"

"ஆபீசர்."

அவள் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தாள். டையையும் கொடியையும் பார்த்திருக்க வேண்டும். நின்றாள். ஓரமாக ஒதுங்கினாள். குடையை மடக்கினாள், பெரியவர்கள் முன்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லையே. ஈரமான முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, கவுண்டருக்கு முன்னால் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் நிதானமாகக் கோத்து, எல்லாம் மிக நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை ஐயா என்றாள். தம்பி மிகவும் நல்லவன், கடினமாக உழைப்பவன், ஐயா அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"அக்கா, மழையைச் சொல்லு. முட்டியைச் சொல்லு" என்று தமிழில் கெஞ்சினேன்.

"சும்மா இருடா" என்று சிரிப்பு மாறாமல் பல்லுக்கு நடுவே சொன்னாள். அப்புறம் அதிகாரியின் குடும்பத்தை விசாரித்தாள். அவரும் அவளை விசாரித்தார், எங்கே வேலை, எத்தனை வருடம் என்று. அவளும் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவருக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. அரசாங்க அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது, நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடக்க அவளுக்குத் தெரியாது. நானாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வாக்கியத்தில் மழை வந்துவிடும் என்று காத்துக்கொண்டு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.

அழைப்பு முடிந்ததும் அறையில் எல்லாருடைய முகத்திலும் ஒரு கனிவு இருந்தது. மக்களோடு இவ்வளவு நெருக்கமாக வேலை செய்யும் குழுவை இதுவரை பார்த்ததில்லை என்றார் அதிகாரி. பாதை திட்டத்திலிருந்து போனது. அந்த அகலம் லாரிகளுக்கு. முதல் கட்டக் கூரையும் கவுண்டரும் அதோடு போயின. யாழ்ப்பாணத்துக்காரர் மேசைக்கடியில் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

மதியத்துக்கு மேல் மேலாளர் என் மேசைக்கு வந்தார். லாரித் தடத்தின் அடுத்த கட்ட வேலையும் நமக்கே வருகிறது, அதற்கு உன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள், அதனால் உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிவிட்டேன் என்றார். வருத்தப்படாதே, நல்ல முயற்சி என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அவர் போகும்வரை என் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும். அது எங்கள் குடும்பச் சிரிப்பு.

ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அங்கே அப்போது நண்பகல். அந்த நேரத்தில் அவள் பூதக்கண்ணாடிக்கு முன்னால் இருக்க வேண்டும், கூப்பிடக் கூடாது. அதனால் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"பாலத்துல நிக்கிறேன்டா. இந்தப் பக்கம் திரும்பி வர்றதுல ஆளே இல்ல. வரிசையே கெடையாது. இந்த நேரத்துல வந்தா எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா?"

"ஏன்க்கா இப்ப வர்ற?"

"லேட்டாயிடுச்சுல்ல. அதான் மூணாவது. கம்பெனி கார்ட திருப்பி வாங்கிட்டானுங்க. பெர்மிட்டு இந்த மாசத்தோட சரி." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சூப்பவைசர் நல்ல பையன்தான். கண் கலங்கிட்டான். நாந்தான் சமாதானம் சொல்லிட்டு வந்தேன்."

"என்னாலதான்க்கா. நான் கூப்பிட்டதாலதான்."

"சேச்சே. அவ்ளோ பெரிய ஆபீசர் கேக்குறப்ப பாதியில வுட்டுட்டு ஓட முடியுமா? மரியாத இல்ல." அவள் நடை மெதுவாவது கேட்டது. மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கலாம். பிறகு கேட்டாள். "அது இருக்கட்டும். என்னா சொன்னாங்க? ஒன்னைய கன்பம் பண்ணிட்டாங்களா?"

ரயில் நியூ லின்னில் நின்றது. கதவு திறந்தது. நான் இறங்கவில்லை.

"பண்ணிட்டாங்கக்கா" என்றேன்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாள். அந்தக் காலியான பாலத்தில் யாரோ எதிரே வந்திருக்க வேண்டும். கைப்பேசியை வாயிலிருந்து விலக்கி, என் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மலாயில் அவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது.